கல்லும் அம்பும் வாளும்: வீர ஐதீகமும் ஊவாவின் வரலாறும்

1

வீரனொருவனைப் பற்றிய கதை எந்தச் சமுதாயத்தில், எக்காலத்தில், யாருடைய தேவைக்காகப் புனையப்பட்டது என்ற வினாவை எழுப்பாது அக்கதையைச் சுவைப்போர் பலர். அதனை வரலாறாகவே ஏற்போரும் உளர். புனைவுக்கும் வரலாற்றுக்கும் இடையில் வேறுபாடு இருப்பது இயல்பே. படைப்பாளி சிலவற்றைத் தெரிவான், சிலவற்றை விடுவான். எவை விடப்பட்டன என்பதே ஆய்வாளனின் கவனத்துக்குரியது. விடுபட்டவற்றினிடையே ஓர் ஒழுங்கு காணப்படுமாயின், அவ்வொழுங்கு அச்சமுதாயத்தின் வர்க்க உறவுகளைத் தெளிவுற உணர்த்தும். இக்கட்டுரை, யப்பானிய வாள்வீரன் ஒருவனைப் பற்றிய புனைகதையை முன்வைத்து, 1817–1818ஆம் ஆண்டுகளில் ஊவாவில், சிறப்பாக இன்றைய மொனராகலை மாவட்டத்தை உள்ளடக்கிய வெல்லஸ்ஸப் பகுதியில், நிகழ்ந்த பெருங் கிளர்ச்சியின் வீர ஐதீகத்தை ஆராய முற்படுகின்றது.

யப்பானிய உதாரணத்தை நாடுவதற்குக் காரணம் உண்டு. மியமோட்டோ முசாஷி என்ற சாமுராயின் கதை உலகெங்கும் பரவியுள்ளது. யொஷிகாவா எய்ஜி எழுதிய நாவல் 1935 முதல் 1939 வரை அசாஹி நாளிதழில் தொடராக வெளிவந்தது. 1954க்கும் 1956க்கும் இடையில் இனாகாகி ஹிரோஷி அதனை மூன்று திரைப்படங்களாக்கினார். மிபுனே தொஷிரோ முசாஷியாக நடித்தார். பிற்காலத்தில் சித்திரக்கதை வடிவிலும் இக்கதை இளந்தலைமுறையினரை அடைந்தது. வாளைக் கைக்கொண்ட தனிமனிதன் தன்னைத் தானே வென்று முழுமை எய்துகின்றான் என்பதே இவை யாவற்றினதும் சாரம். நமது இளைஞரிடையேயும் இவ்வுருவம் பெற்றுள்ள செல்வாக்கைக் காணும்போது, அதன் பின்னணியிலுள்ள மெய்யான வரலாறு யாது எனக் கேட்பது பொருத்தமாகும்.

2

முசாஷி கற்பனைப் பாத்திரம் அல்லன். ஏறத்தாழ 1584இல் பிறந்து 1645இல் மறைந்தவன். பதின்மூன்றாம் வயது தொட்டு அறுபதுக்கு மேற்பட்ட மோதல்களில் ஈடுபட்டுத் தோல்வி காணாதவன் எனத் தன்னைப் பற்றி அவனே எழுதிவைத்தான். ஆயின் அவன் வாழ்ந்த காலத்தை விளங்கிக்கொள்ள வாள்வித்தையைக் காட்டிலும் நிலவுடைமையை நோக்குதல் வேண்டும்.

1588இல் ஹிதெயொஷி, குடியானவர் கைகளிலிருந்த வாள்களையும் ஈட்டிகளையும் துப்பாக்கிகளையும் பறிமுதல் செய்யுமாறு ஆணை பிறப்பித்தான். அவ்விரும்பு பெரும் புத்தர் சிலையமைந்த ஆலயப் பணிக்கு ஆணிகளாகப் பயன்படும் என்றும், அதனால் குடியானவர் மறுமையிலும் நன்மை பெறுவர் என்றும் அவ்வாணை கூறிற்று. உழுவோன் வேறு, ஆயுதம் தாங்குவோன் வேறு என்ற பாகுபாடு இதனால் இறுக்கமடைந்தது. அதுவரை கிராமத்தில் நிலத்தை உழுதுகொண்டே போருக்கும் சென்ற மனிதர் பலர் இரண்டிலொன்றைத் தேர்ந்தாக வேண்டியவராயினர். வாள் ஒரு வர்க்கத்தின் தனியுரிமையாயிற்று. அதன் பின்னரே அது அவ்வர்க்கத்தின் ஆன்மா எனவும் போற்றப்படலாயிற்று. 1600ஆம் ஆண்டின் செகிகஹாராப் போரும் 1615இல் ஒசாக்காக் கோட்டையின் வீழ்ச்சியும் தொகுகாவா ஆட்சியை நிலைநிறுத்தியபோது, தலைவரை இழந்த சாமுராய்கள் பிழைப்புத் தேடி அலைந்தனர். முசாஷியும் இவர்களைப் போன்று நிலையான பதவியின்றிப் பல்லாண்டு அலைந்தவனே. அவனது அலைவில் நாவலாசிரியர் கண்ட ஆன்மிகப் பயணத்துக்கு அடியில், வேலையிழந்த படைவீரனின் பொருளியல் நிலை கிடந்தது.

நாவல் 1612இல் நிகழ்ந்ததாகக் கொள்ளப்படும் புகழ்மிக்க இருவர் போருடன் முடிவடைகின்றது. ஆயின் முசாஷி அதன்பின்னும் முப்பத்துமூன்று ஆண்டுகள் வாழ்ந்தான். 1637இன் இறுதியில் கியூஷு தீவின் ஷிமபாராவிலும் அமகுசாவிலும் குடியானவர் கிளர்ந்தெழுந்தனர். மட்சுகுரா பிரபுவின் தாங்கொணா வரியும், பஞ்சமும், கிறிஸ்தவர் மீதான கொடுந்துன்புறுத்தலும் இக்கிளர்ச்சியின் காரணங்கள். தலைவனிழந்த சாமுராய்கள் சிலரும் குடியானவருடன் சேர்ந்தனர். பெண்களும் சிறுவர்களும் உட்பட 37,000 பேர் ஹாராக் கோட்டையில் அடைந்து போராடினர் என்பது மரபாகக் கூறப்படும் தொகை. அவர்களை ஒடுக்க இலட்சத்துக்கு மேற்பட்ட படையினர் திரட்டப்பட்டனர். 1638இல் கோட்டை வீழ்ந்தபோது உள்ளிருந்தோர் ஏறத்தாழ அனைவரும் கொல்லப்பட்டனர்.

இப்போரில் முசாஷி அரச தரப்பில் நின்றான். கோட்டையை அணுகியபோது மேலிருந்து எறியப்பட்ட கல் அவனது காலைத் தாக்கியது. தன்னால் நிற்கவும் இயலவில்லை என அரிமா நவொசுமி என்ற பிரபுவுக்கு அவன் எழுதிய கடிதம் கிடைத்துள்ளது. எந்த வாளாலும் வெல்லப்படாதவனைக் குடியானவர் எறிந்த கல் வீழ்த்திற்று. மக்கள் மனத்தில் நிலைபெற்ற முசாஷியின் கதையில் இக்கல்லுக்கு இடமில்லை. அது சேர்க்கப்படின் கதையின் பொருளே மாறிவிடும். இரு வீரர்களிடையே நிகழும் போரில் சமுதாயம் மறைந்துவிடுகின்றது. கல்லெறியும் குடியானவனும் வாளேந்திய வீரனும் எதிரெதிரே நிற்கையில் அது மறையவியலாது வெளிப்படுகின்றது.

யொஷிகாவாவின் தொடர் வெளிவந்த ஆண்டுகளும் மனங்கொள்ளத்தக்கவை. 1937இல் யப்பான் சீனாவின் மீது முழு அளவிலான போரைத் தொடுத்தது. அதற்கு முன்னரே, 1900இல், நிதொபே இனாசோ ஆங்கிலத்தில் எழுதிய நூலொன்று சாமுராய் நெறியை யப்பானிய இனம் முழுவதற்குமான ஆன்மாவாக உலகுக்கு அறிமுகம் செய்திருந்தது. 1876இல் வாள் தாங்கும் உரிமை சட்டத்தால் நீக்கப்பட்டு, சாமுராய் வர்க்கம் மறைந்துவிட்ட பின்னரே, அவ்வர்க்கத்தின் ஒழுக்கம் தேசத்தின் பொது ஒழுக்கமாக்கப்பட்டது. எந்த மக்களிடமிருந்து ஆயுதம் பறிக்கப்பட்டதோ அம்மக்களின் பேரப்பிள்ளைகள், சாமுராய் நெறியின் பெயரால் போர்க்களத்துக்கு அனுப்பப்பட்டனர்.

3

இனி ஊவாவுக்கு வருவோம். வெல்லஸ்ஸ என்ற பெயரே இலட்சம் வயல்கள் எனப் பொருள்படும் என்பர். இன்றைய பிபிலை, மொனராகலை, புத்தளை, வெல்லவாய ஆகிய பகுதிகளைத் தழுவிய அந்நிலம், சிறு குளங்களையும் சேனைப் பயிரையும் ஆதாரமாகக் கொண்ட குடியானவர் நாடு. வேடர் அங்கு வாழ்ந்தனர். கீழைக் கரையிலிருந்து உப்பும் பிற பண்டங்களும் பொதிமாடுகளில் கொணர்ந்த முஸ்லிம்களின் குடியிருப்புகளும் இருந்தன. கதிர்காமம் இப்பகுதியின் தெற்கெல்லையில் அனைவருக்கும் பொதுவான வழிபாட்டிடமாக விளங்கிற்று.

கண்டி அரசின் நிலமானிய அமைப்பில், நிலம் பெற்றோர் இராஜகாரியம் என்ற கட்டாய சேவைக்கு உட்பட்டனர். மேலே றதல எனப்பட்ட உயர் பிரபுக்கள். கீழே கிராமத் தலைவர்களான ரட்டே ராளமாரும் மொஹொட்டாலமாரும். அவர்க்கும் கீழே குடியானவர். 1739 முதல் அரியணையில் நாயக்கர் வமிசத்தினர் இருந்தனர். அரசனுக்கும் பிரபுக்களுக்கும் இடையிலான முரண்பாடு முற்றியபோது, பிரபுக்களிற் பெரும்பான்மையோர் பிரித்தானியருடன் கூடினர். 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தாகியது. சிறைப்பட்ட ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூருக்கு அனுப்பப்பட்டு 1832இல் அங்கு இறந்தான். ஒப்பந்தத்தில் கைச்சாத்திட்ட பிரபுக்களுள் மொனரவில கெப்பெட்டிபொலவும் ஒருவர் என்பதைக் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

ஒப்பந்தம் பிரபுக்களின் உரிமைகளைப் பேணுவதாக உறுதியளித்தது. நடைமுறையிலோ ஆங்கிலச் சிப்பாய்க்கு முன்னும் வணங்கி நிற்க வேண்டிய நிலை பிரபுக்களுக்கு ஏற்பட்டது. வெல்லஸ்ஸவில் ஹாஜி மரிக்கார் என்பவர் முஸ்லிம்களுக்குத் தனித் தலைவராக நியமிக்கப்பட்டமை, அங்கிருந்த தலைவர்களின் வருவாயையும் அதிகாரத்தையும் குறைத்தது. பிற்கால எழுத்தாளர் சிலர் இதனை இனப்பகையாகச் சித்திரிப்பர். நியமனத்தின் பொருளியல் விளைவை நோக்கினால், போக்குவரத்தையும் வரியையும் யார் கட்டுப்படுத்துவது என்ற போட்டியே அங்கு அடிப்படை என்பது விளங்கும். மக்களை இனவாரியாகப் பிரித்து ஆளும் காலனித்துவ முறையின் தொடக்க உதாரணங்களுள் ஒன்றாகவும் இதனைக் கொள்ளலாம்.

4

1817இல் வெல்லஸ்ஸவில் ஓர் அரச உரிமையாளன் தோன்றினான். முன்னர் பிக்குவாக இருந்த வில்பாவே என்பவன், தான் நாயக்க அரச குடும்பத்துத் துரைசாமி எனவும் கதிர்காமக் கடவுளின் அருளால் அரசுரிமை பெற்றவன் எனவும் கூறினான். மக்கள் அவனை நாடினர். அவனைப் பிடிக்கச் சென்ற ஹாஜி மரிக்கார் கிளர்ச்சியாளர் கைப்பட்டுக் கொல்லப்பட்டார். நிலைமையை ஆராய பதுளையிலிருந்து புறப்பட்ட பிரித்தானிய அதிகாரி வில்சன், அம்பு தைத்து மாண்டார். ஊவாக் கிளர்ச்சியின் முதல் ஆயுதம் வாள் அன்று, காட்டிலும் சேனையிலும் வாழ்ந்தோரின் வில்லும் அம்புமே. தொடக்கக் கட்டத்தில் முன்னின்றவர்களும் கிவுலேகெதர மொஹொட்டால, பூட்டாவே ரட்டே ராள, கொஹுகும்புரே ரட்டே ராள போன்ற உள்ளூர்த் தலைவர்களே. இவர்கள் மேட்டுக்குடியின் உச்சியில் இருந்தோர் அல்லர். குடியானவரோடு அன்றாடத் தொடர்புடையோர்.

கெப்பெட்டிபொல அப்போது பிரித்தானியரின் கீழ் ஊவாவின் திசாவை. கிளர்ச்சியை அடக்குமாறு படையுடன் அனுப்பப்பட்ட அவர், 1817 நவம்பர் அளவில் அலுபொத்த என்னுமிடத்தில் கிளர்ச்சியாளருடன் இணைந்தார். தமக்கு வழங்கப்பட்ட ஆயுதங்களை அவற்றை வழங்கியவர்களிடமே திருப்பி அனுப்பினார் என்பது வழிவழியாகப் போற்றப்படும் செய்தி. இச்செயலின் பெருமையை மறுப்பது நமது நோக்கமன்று. எனினும் இது எத்தகைய ஒழுக்கத்தைச் சார்ந்தது எனச் சிந்தித்தல் தகும். ஆயுதப் பற்றாக்குறையால் வருந்திய குடியானவப் படையொன்று கைக்குக் கிடைத்த துப்பாக்கிகளை எதிரியிடம் திருப்பித் தராது. தலைவனின் உப்பை உண்டு அவன் ஆயுதத்தாலேயே அவனைத் தாக்கலாகாது என்பது நிலமானியப் பிரபுவின் மானவுணர்வு. யப்பானிய சாமுராய்க்கும் இது நன்கு விளங்கியிருக்கும்.

கெப்பெட்டிபொலவின் வருகையோடு கிளர்ச்சி கண்டி நாட்டின் ஏனைய பகுதிகளுக்கும் பரவிற்று. 1818இல் வில்பாவேக்கு முடிசூட்டும் சடங்கு நடந்தது. கண்டியிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட தந்தத்தாது, கிளர்ச்சிக்கு அரசுரிமையின் தகுதியை அளித்தது. ஆயின் மேல்மட்டத்தில் ஒற்றுமை நிலைக்கவில்லை. உரிமையாளன் போலி எனக் கண்ட மடுகல்ல அவனைத் தொழுவில் மாட்டிவைத்தார். போலியென்பது பிரபுக்களுக்கு அதிர்ச்சி தந்திருக்கலாம்; அவனைச் சூழ்ந்து நின்ற குடியானவருக்கு அரசன் என்ற பெயர், தாம் இழந்த பழைய ஒழுங்கின் குறியீடு. நல்ல அரசன் ஒருவன் மறைந்திருந்து திரும்பி வருவான் என்ற நம்பிக்கை உலகெங்கும் குடியானவக் கிளர்ச்சிகளில் காணப்படுவதே. அதிகாரத்தைத் தமது பெயரால் கோரும் அரசியல் மொழி அக்குடியானவரிடம் உருவாகியிருக்கவில்லை.

1818 ஒக்டோபர் இறுதியில் கெப்பெட்டிபொல அனுராதபுரப் பகுதியில் பிடிபட்டார். நவம்பர் 26ஆம் திகதி கண்டி போகம்பரையில் அவரும் மடுகல்லவும் சிரச்சேதம் செய்யப்பட்டனர். இறுதிவரை அவர் காட்டிய அமைதியை அருகிருந்து கண்டோர் வியந்து எழுதினர். அவர்களுள் ஒருவரான இராணுவ மருத்துவர் ஹென்றி மார்ஷல், கிளர்ச்சி வென்றிருப்பின் அவர் துரோகி எனப்படாது தேசபக்தராகப் போற்றப்பட்டிருப்பார் எனக் குறிப்பிட்டார். அதே மார்ஷல் அவரது மண்டையோட்டை எடுத்துச் சென்று, எடின்பரோவில் மண்டையோட்டு ஆராய்ச்சிக் கழகமொன்றுக்கு அளித்தார். வீரனை வியத்தலும் அவனைக் காட்சிப்பொருளாக்கலும் காலனித்துவ மனப்பான்மையில் ஒருங்கே இயைந்திருந்தன.

5

இனிக் கதையில் இடம்பெறாத பகுதிக்கு வருகின்றோம். காட்டுப் போரில் எதிரியைக் காணவியலாத பிரித்தானியப் படை, எதிரிக்குச் சோறளிக்கும் நிலத்தைத் தாக்கிற்று. கிராமங்கள் எரிக்கப்பட்டன. நெற்களஞ்சியங்கள் கொள்ளையிடப்பட்டன, மாடுகள் கைப்பற்றப்பட்டன, பயன்தரு மரங்கள் வெட்டப்பட்டன, நீர்ப்பாசன அமைப்புகள் சிதைந்தன. தேசாதிபதி பிரவுண்றிக்கின் வேண்டுகோளின்படி சென்னை மாகாணத்திலிருந்து சிப்பாய்களும் வரவழைக்கப்பட்டனர். தென்னிந்தியக் கிராமமொன்றின் வறுமை, சீருடை அணிந்து வந்து, வெல்லஸ்ஸக் கிராமமொன்றின் வறுமையைச் சுட்டது. கண்டி நாட்டவரின் இழப்பைப் பத்தாயிரம் உயிர்கள் எனக் கணித்தனர் அக்காலத்தவர். பிரித்தானியத் தரப்பில் ஏறத்தாழ ஆயிரவர், பெரும்பாலும் நோயினால், மாண்டனர்.

போர் முடிந்தபின், 1818 நவம்பர் 21ஆம் திகதிப் பிரகடனம் பிரபுக்களின் அதிகாரத்தை ஒடுக்கியது. நெல் விளைவில் பத்திலொரு பங்கு வரியாக விதிக்கப்பட்டது. பிரித்தானியருக்கு விசுவாசம் காட்டிய பகுதிகளுக்கு அது பதினான்கிலொன்றாகக் குறைக்கப்பட்டது. தண்டனையும் சலுகையும் வரி வடிவில் நிலத்தின் மீது எழுதப்பட்டன. முக்கால் நூற்றாண்டின் பின், 1893இல், ஊவா பற்றிய கையேடொன்றை எழுதிய ஆங்கிலேய அதிகாரி ஹேர்பர்ட் வைட், அந்த அழிவிலிருந்து ஊவா மீளவில்லை என்பதை ஒப்புக்கொண்டார். இலட்சம் வயல்களின் நாடு, காடடர்ந்த பின்தங்கிய மாவட்டமெனப் பிற்காலத்தில் பெயர் பெற்றதன் தொடக்கம் இங்கேயே உள்ளது. மொனராகலையின் வறுமையை மழையின்மையால் மட்டும் விளக்குவோர், மழையைத் தேக்கிவைத்த அமைப்பு யாரால் அழிக்கப்பட்டது எனக் கேட்பதில்லை.

6

துரோகி எனப் பிரகடனப்படுத்தப்பட்டவர் தேசிய வீரராகியமை விடுதலைக்காலத்தின் இயல்பான வளர்ச்சியே. போல் ஈ. பீரிஸ் 1950இல் வெளியிட்ட நூல், அக்கிளர்ச்சியாளரைத் தேசபக்தர் எனத் தலைப்பிலேயே குறித்தது. அவர் மண்டையோடு நாடு திரும்பிக் கண்டியில் நினைவுச்சின்னத்தின் கீழ் வைக்கப்பட்டது. 2016 டிசம்பரில், 1818இன் பிரகடனத்தில் துரோகிகளாகப் பெயரிடப்பட்ட பத்தொன்பது பேர் தேசிய வீரர்களாக அறிவிக்கப்பட்டனர். அடுத்த ஆண்டு மேலும் எண்பத்தொரு பேர் சேர்க்கப்பட்டனர். இவை வரவேற்கத்தக்கன.

ஆயின் இங்கும் முசாஷியின் கதைக்கு நேர்ந்ததே நேர்ந்தது. வாளேந்திய பிரபு எஞ்சினார். அம்பெய்தோரும் களஞ்சியம் இழந்தோரும் பின்னணியில் மங்கினர். வர்க்கம் மறைந்த இடத்தை இனம் நிரப்பிற்று. ஒரே இனத்தின் வீரமாக இக்கிளர்ச்சி பேசப்படும்போது, அதன் மக்கள் நாயக்க இளவரசன் ஒருவனின் பெயரை, துரைசாமி என்ற தமிழ்ப் பெயரை, தமது நீதியின் கொடியாக உயர்த்தினர் என்பது மறக்கப்படுகின்றது. 1818இன் குடியானவனுக்கு அப்பெயர் அந்நியமாகத் தோன்றவில்லை. அதனை அந்நியமாக்கியது பிற்கால அரசியல்.

இதற்கு மாறான போக்குகளும் உண்டு. 1848இல் மாத்தளைக் கிளர்ச்சியின் தலைவனாகச் சுட்டுக்கொல்லப்பட்ட புரன் அப்பு, மொரட்டுவையில் பிறந்து ஊவாவில் அலைந்து திரிந்த சாதாரண குடிமகன். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1978இல் அவனைத் திரைநாயகனாக்கினார். முப்பதே ஆண்டுகளில் கிளர்ச்சித் தலைமை றதல பிரபுவிடமிருந்து இத்தகைய மனிதனிடம் மாறியமை, கண்டிச் சமுதாயத்தின் உள்மாற்றத்தைக் காட்டும். தமிழிலும் நா. வானமாமலை கட்டபொம்மு கதைப்பாடலைப் பதிப்பித்தபோது, மக்கள் மரபு காட்டும் பாளையக்காரனுக்கும் மேடையும் திரையும் காட்டிய பேரரசனுக்கும் இடையிலுள்ள தூரம் புலனாயிற்று. வீரனை மறுப்பதன்று நமது பணி. அவனை அவனது உற்பத்தி உறவுகளுக்குள் மீண்டும் நிறுத்துவதேயாகும்.

7

இவ்வினா ஊவாவில் வெறும் புலமை வினாவன்று. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் காணிச் சட்டம், உரிமைப்பத்திரம் காட்டவியலாத காட்டையும் தரிசு நிலத்தையும் முடிக்குரியதாகக் கொண்டது. மலைச்சரிவுகள் கோப்பித் தோட்டங்களாயின. பின்னர் தேயிலையும், மொனராகலைப் பக்கத்தில் இறப்பரும் வந்தன. தோட்டங்களில் உழைக்கத் தமிழகக் கிராமங்களிலிருந்து கடனும் பஞ்சமும் துரத்திய மக்கள் கொணரப்பட்டனர். நூற்றாண்டுக்கு மேலாக உழைத்தபின், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது.

சிங்களக் குடியானவனின் நிலத்தைப் பறித்தவன் தோட்டத் தொழிலாளியே என்ற கூற்று, ஊவாவில் நெடுங்காலம் பேசப்பட்டு வந்துள்ளது. காலவரிசையே இதற்குப் போதிய மறுப்பு. வெல்லஸ்ஸவின் வயல்கள் 1818இல் அழிந்தன. தோட்டத் தொழிலாளி ஊவாவுக்கு வந்தது அதற்கு இரு தசாப்தங்கள் அளவில் கழித்தே. நிலத்தை எரித்த ஆட்சியே பின்னர் நிலத்தை விற்றது. அதே ஆட்சியே அந்நிலத்தில் உழைக்க நிலமற்றோரைக் கொணர்ந்தது. குளமிழந்த குடியானவனும் லயத்தில் அடைபட்ட தொழிலாளியும் ஒரே வரலாற்றின் இரு விளைவுகள். இருவரையும் பகைவராக்கும் கதைக்கு, வர்க்கமற்ற, களங்கமற்ற, தனித்து நிற்கும் வீரனொருவன் தேவைப்படுகின்றான்.

ஆதலின் மலையக ஆய்வாளர் ஊவாக் கிளர்ச்சியைத் தமக்குப் புறம்பான வரலாறாகக் கருதுதல் தவறு. தோட்டப்புற மாணவன் பாடநூலில் கெப்பெட்டிபொலவின் பெயரைப் படிக்கும்போது, தன் மூதாதையர் வந்து சேர்ந்த நிலத்தின் முற்கதையையே படிக்கின்றான். அக்கதையில் பிரபுவின் மானவுணர்வுக்கு உரிய இடத்தை அளிப்போம். எரிந்த களஞ்சியத்தையும், வில்லேந்திய குடியானவரையும், கரை உடைந்த குளத்தையும் அதனருகில் நிறுத்துவோம். கிராமத்து வாய்மொழி மரபுகளையும் தோட்டப்புற நினைவுகளையும், சிங்களமும் தமிழும் அறிந்த ஆய்வாளர் ஒருங்கே சேகரித்து ஒப்புநோக்குவது உடனடியாகச் செய்யவேண்டிய பணியாகும். ஹாராக் கோட்டையிலிருந்து எறியப்பட்ட கல்லைப் பற்றி நாம் அறிவது, அடிபட்ட வாள்வீரன் எழுதிய கடிதத்தினாலேயே. எறிந்தோர் எழுதிவைக்க வாய்ப்பின்றி மடிந்தனர். வெல்லஸ்ஸவில் எய்தோரின் சந்ததியினர் இன்றும் வாழ்கின்றனர். அவர்களிடம் கேட்டறிவதற்குக் காலம் இன்னும் கடந்துவிடவில்லை.